முதலில் யார் போடுவது?

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம். மகளைக் கொண்டுபோய் விடப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் வாசலிலேயே டிஸ்டம்பர் வாசனை மூக்கைத் துளைத்தது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 42 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். ஆண்டுத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தன. உள்ளே ஏணி போட்டு ஒருவர் மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எதுக்கு டீச்சர் பெயின்ட்?" என்று கேட்டேன்.

"பணம் இப்பதாங்க வந்துச்சு. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள செலவு பண்ணிக் காட்டணும்" என்றார் தலைமையாசிரியர்.

அந்த வருடம் பள்ளிக்குத் தேவைப்பட்டது பெயின்ட் இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரமே கழிப்பறைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரில் காயில் எரிந்துபோனது. காயில் கட்டிக் கொடுத்தவர் 2,800 ரூபாய் வாங்கினார். கொடுத்தது டீச்சர், தன் கைக்காசு. ஒன்பது மாதம் கழித்து மானியம் வந்தபோது அந்த 2,800-ஐ அதிலிருந்து எடுத்துக்கொள்ள வழியில்லை. மெக்கானிக்கிடம் பில் புத்தகம் கிடையாது, தேதியோ ஜூன். பெயின்டுக்கு டவுன் கடையில் பில் கிடைக்கும், தேதியும் மார்ச். அதனால் சுவர் மஞ்சளானது.

பள்ளிகளுக்கும் ஊர்க் குழுக்களுக்கும் கிடைக்கும் சின்னச் சின்ன மானியங்களைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் தொகையைப் பற்றித்தான் பேசுகிறோம். பத்தாயிரமா, இருபத்தைந்தாயிரமா, போதுமா, போதாதா என்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு பெற்றோராக உட்கார்ந்து பார்த்தபின் எனக்குத் தோன்றுவது வேறு. இந்தப் பணம் எதுவும் முதலில் வருவதில்லை. யாரோ ஒருவர் முன்னால் போட வேண்டும், மானியம் பின்னால் வரும். அந்த முதல் பணத்தைப் போட ஆள் இருக்கிற இடத்தில்தான் மானியம் வேலை செய்கிறது.

முதலில் பள்ளிக் கணக்கையே பார்ப்போம். அனைவருக்கும் கல்வித் திட்டம், எஸ்.எஸ்.ஏ. என்று நாம் சொன்ன திட்டம் நடந்த காலத்தில், பள்ளிகளுக்குத் தனித்தனித் தலைப்புகளில் பணம் வந்தது. தொடக்கப் பள்ளிக்கு வளர்ச்சி மானியம் 5,000, நடுநிலை வகுப்புகளுக்கு 7,000. பராமரிப்பு மானியம் தனி. சார்ட், அட்டை, ஸ்கெட்ச் வாங்க ஆசிரியர் ஒருவருக்கு 500. 2018-19-இல் எஸ்.எஸ்.ஏ.வையும் இடைநிலைக் கல்வித் திட்டத்தையும் ஆசிரியர் கல்வியையும் சேர்த்து சமக்ர சிக்ஷா ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி. தனித்தனி மானியங்களும் ஒரே உருண்டையாகி 'பள்ளி மானியம்' என்று வரத் தொடங்கின.

இந்தப் பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இப்போதைய விதிப்படி 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். சாக்பீஸ், பதிவேடு, விளையாட்டுச் சாமான், மின்கட்டணம், இணையம், குடிநீர், சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். விளையாட்டுக்கும் நூலகத்துக்கும் தனி மானியம் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு இரண்டிலும் ஐயாயிரம் ஐயாயிரம்.

30-க்கும் 31-க்கும் நடுவில் இருக்கும் அந்தக் கோட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு பிள்ளை டி.சி. வாங்கிக்கொண்டு பக்கத்து ஊர் ஆங்கிலப் பள்ளிக்குப் போனால் போதும், பள்ளிக்கு 15,000 ரூபாய் போய்விடும். ஆனால் கூரை அதே கூரைதான், கழிப்பறை அதே கழிப்பறைதான். முன்பு இந்தக் கோடு 15 பிள்ளைகளில் இருந்தது. 16 பிள்ளைகள் இருந்தாலே 25,000 கிடைத்தது. கோட்டை 30-க்கு நகர்த்தியதில் அடிவாங்கியது யார் என்று சொல்லத் தேவையில்லை. மலையடிவாரத்திலும் காலனியிலும் கடற்கரைக் குப்பத்திலும் இருக்கிற இருபது, இருபத்தைந்து பிள்ளைப் பள்ளிகள். பிள்ளை குறையக் குறையப் பணம் குறையும், பணம் குறையக் குறையப் பள்ளிக்கூடம் பொலிவிழக்கும், அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் டி.சி. கேட்பார்கள்.

எங்கள் 42 பிள்ளைப் பள்ளிக்கு 25,000. வேலை நாள் 220 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 113 ரூபாய். ஏழு பேர் டீ குடித்தால் தீர்ந்தது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. 113 ரூபாயை ஜூன் மாதத்திலிருந்து தினமும் கையில் கொடுத்தால் எங்கள் டீச்சர் பள்ளிக்கூடத்தைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார். ஒரு குழாய்க்கு வாஷர் பத்து ரூபாய் பெறாது. அது போடாமல் விட்டதால் ஒரு டேங்க் தண்ணீர் ஒழுகி, அடுத்த நாள் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகாமல் வீட்டுக்கு ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பணம் ஏன் மார்ச்சில் வருகிறது? ஒவ்வொரு வருடமும் மாநிலம் தன் திட்டத்தை டெல்லிக்கு அனுப்ப வேண்டும். அங்கே திட்ட ஒப்புதல் குழு அதைப் பார்த்து, வெட்டி, ஒட்டி, ஒப்புதல் தரும். மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு. மத்தியப் பங்கு தவணை தவணையாக வரும். போன தவணைக்குக் கணக்கு காட்டினால்தான் அடுத்தது. அது வந்து மாநிலப் பங்கும் சேர்ந்து, மாநிலத் திட்ட இயக்குநரகத்திலிருந்து மாவட்டத்துக்கு உத்தரவு வந்து, பள்ளிக்குச் செலவு வரம்பு காட்டும்போது பொங்கல் முடிந்திருக்கும். பல வருடங்களில் அதுவும் பாதிதான். மீதிப் பாதி எப்போது என்பதை வட்டார வள மையத்தில் கேட்டால் அவர்களுக்கும் தெரியாது.

முன்பெல்லாம் பணம் பள்ளியின் வங்கிக் கணக்கில் வந்து கிடந்தது. வட்டி கூட ஏறியது. 2021-க்குப் பின் ஒவ்வொரு மத்தியத் திட்டத்துக்கும் மாநிலத்துக்கு ஒரே கணக்கு என்று ஆனது. பள்ளியின் கையில் இருப்பது பூஜ்ய இருப்புக் கணக்கு. இவ்வளவு வரை எடுக்கலாம் என்று ஒரு வரம்பு மட்டும் கணினியில் தெரியும். யாருக்குப் பணம் போக வேண்டுமோ அவருடைய வங்கி விவரத்தை ஏற்றி, காகிதம் அச்சிட்டு, பள்ளி சார்பில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, வங்கியில் கொடுத்தால் அவர் கணக்குக்கு நேராகப் போகும். மார்ச் 31-க்குள் எடுக்காத வரம்பு காணாமல் போகும். கணக்கில் சும்மா கிடந்த பணத்துக்கு இது நல்ல மருந்துதான், ஒத்துக்கொள்கிறேன். திருட்டும் குறையும். ஆனால் 'பள்ளிக்கூடத்துப் பணம்' என்று ஜூன் மாதத்தில் எடுத்துச் செலவழிக்க நூறு ரூபாய் கூட மிச்சம் வைக்க முடியாது என்பதும் இதே ஏற்பாட்டின் மறுபக்கம்.

இதில் டெல்லிக்கும் சென்னைக்கும் தகராறு வந்தால் முடிந்தது கதை. தேசியக் கல்விக் கொள்கைப்படி மாதிரிப் பள்ளிகள் அமைக்கும் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கான சமக்ர சிக்ஷா பங்கு சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. மாநிலம் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. தேசியக் கல்விக் கொள்கை, மும்மொழி என்று தொலைக்காட்சியில் விவாதம் நடந்தது. விவாதத்தில் யாரும் வாஷர் பற்றிப் பேசவில்லை. அது அவர்கள் தப்பும் இல்லை. இரண்டாயிரம் கோடியைப் பேசும் இடத்தில் பத்து ரூபாய் கண்ணுக்குத் தெரியாது.

வங்கிக் காகிதத்தில் இரண்டு பேர் கையெழுத்து என்றேனே, ஒருவர் தலைமையாசிரியர், இன்னொருவர் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர். 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம்தான் இந்தக் குழுவைக் கட்டாயமாக்கியது. முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று வளர்ச்சித் திட்டம் எழுதுவதும் மானியம் சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பதும் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022-இல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் குழுக்களை மறுபடி அமைத்தார்கள். தலைவராகப் பிள்ளையின் தாய் ஒருவரையே தேர்ந்தெடுத்தார்கள். நல்ல விதி. எங்கள் தலைவர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வங்கி ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. கையெழுத்துக்காக அவர் ஒருநாள் டவுனுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. மானியத்தில் பெயின்டுக்கு இடம் இருக்கிறது, பஸ் டிக்கெட்டுக்கு இல்லை. ஆக அவரும் ஒருவிதத்தில் முன்பணம் போட்டவர்தான்.

காகிதம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் எங்கே போகும் என்பதைக் காகிதம்தான் தீர்மானிக்கிறது. தீர்மானப் பதிவேட்டில் தீர்மானம், மூன்று கடைகளில் கொட்டேஷன், பில், வவுச்சர், கேஷ் புக், ஸ்டாக் ரிஜிஸ்டர், கடைசியில் பயன்பாட்டுச் சான்று. இதற்கெல்லாம் ஈடுகொடுக்கக் கூடியது டவுனில் இருக்கும் பெரிய ஹார்டுவேர் கடை. உள்ளூர் தச்சர், பிளம்பர், மோட்டார் மெக்கானிக், கொத்தனார் இவர்களிடம் வேலை இருக்கிறது, பில் இல்லை. அதனால் கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்யும் 300 ரூபாய் வேலை நடக்காது, 6,000 ரூபாய்க்குப் பெயின்ட் டின் வாங்கும் வேலை நடக்கும். மேலே இருந்து போட்டோ வேறு கேட்பார்கள். 'முன்', 'பின்' என்று இரண்டு படம். வாஷர் மாற்றியதைப் படம் எடுத்து யாருக்குப் புரியும்? சுவர் என்றால் பளிச்சென்று தெரியும்.

இது எங்கள் பள்ளியின் தனிக்கதை என்று நினைத்திருந்தேன். டெல்லியில் இருக்கும் அக்கவுன்டபிலிட்டி இனிஷியேட்டிவ் என்ற ஆய்வு அமைப்பு, 2009-இலிருந்து சில வருடங்கள் நாடு முழுக்கப் பள்ளிப் பள்ளியாகப் போய் 'உங்களுக்கு மானியம் வந்ததா, எப்போது வந்தது, எதற்குச் செலவழித்தீர்கள்' என்று கேட்டது. அந்த ஆய்வுக்குப் பெயரே பைசா. அதிலும் இதே கதைதான்: வருடத்தின் பிற்பகுதியில் வரும் பணம், அதை வைத்து நடக்கும் வெள்ளையடிப்பு.

வெள்ளையடிக்காமல் நேராகப் பிள்ளைகளுக்குச் செலவழித்தால் என்ன ஆகும்? இதற்கும் ஒரு பதில் இருக்கிறது, கொஞ்சம் சங்கடமான பதில். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2005 முதல் இரண்டு வருடங்கள், கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் 200 கிராமப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பள்ளிகளுக்கு வருடம் சுமார் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். பள்ளிகள் பெரும்பாலும் நோட்டு, பயிற்சிப் புத்தகம், எழுதுபொருள் என்று பிள்ளைகளுக்கே வாங்கின. முதல் வருடம் மதிப்பெண் ஏறியது. இரண்டாம் வருடமும் அதே பணம் வந்தது. ஆனால் மானியம் வாங்காத பள்ளிகளைவிடக் கூடுதலாக எந்தப் பலனும் இல்லை. ஏன் என்று பார்த்தால், பணம் வரும் என்று தெரிந்த வீடுகள் தங்கள் செலவைக் குறைத்துக்கொண்டிருந்தன. பள்ளியே நோட்டு தருகிறது, நாம் ஏன் வாங்க வேண்டும் என்று. எந்த அம்மாவும் இதைத்தானே செய்வார்?

இதைப் படித்தவர்கள் சிலர் 'பார்த்தீர்களா, மானியம் வீண்' என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த வீட்டில் மிச்சமான நூறு ரூபாய் மருந்துக்கோ பருப்புக்கோ போயிருக்கும். ஆனால் ஒன்று தெளிவாகிறது. ஊரும் வீடும் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த பணத்தின் இடத்தில் அரசுப் பணம் வந்து உட்கார்ந்தால் பிள்ளைக்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. ஊரால் வாங்க முடியாத ஒன்றை அந்தப் பணம் வாங்க வேண்டும். தான்சானியாவில் 350 பள்ளிகளில் செய்து பார்த்தபோதும் மானியம் தனியாகக் கொடுத்தால் பலனில்லை. பிள்ளைகள் தேறினால் ஆசிரியருக்கு ஊக்கத்தொகை என்பதையும் சேர்த்தபோதுதான் மாற்றம் வந்தது. ஊக்கத்தொகை நம் ஊருக்குச் சரிவருமா என்பது வேறு சண்டை.

நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது உகாண்டாவை. அங்கே 1991 முதல் 1995 வரை, பள்ளிகளுக்கு என்று தலைநகரிலிருந்து கிளம்பிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி நடுவழியில் மாவட்ட அலுவலகங்களில் வேறு வேலைகளுக்குப் போனது. இது வெளியே வந்ததும் அரசு ஒரு எளிய வேலை செய்தது. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று செய்தித்தாளில் மாதாமாதம் போட்டது. பள்ளி வாசலிலும் எழுதி ஒட்டச் சொன்னது. 2001 வாக்கில் 80 சதவீதத்துக்கு மேல் பள்ளிக்கு வந்தது. அத்தனை பெருமையும் செய்தித்தாளுக்கே சேருமா என்று ஆய்வாளர்களுக்குள் வாதம் உண்டு. இருந்தாலும் தொகை தெரிந்தவன்தான் கேட்க முடியும். எங்கள் குழுவில் இருந்த பெற்றோரில் பெரும்பாலானவர்களுக்கு 25,000 என்ற எண்ணே நான் சொல்லித்தான் தெரியும். எனக்கு டீச்சர் சொல்லித்தான் தெரியும்.

இனி ஊர்ப் பக்கம் வருவோம். 'முதலில் யார் போடுவது' என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் விதியாகவே எழுதிவைத்த திட்டம் நமக்கு நாமே. 1997-98-இல் தி.மு.க. ஆட்சியில் வந்தது. ஆட்சி மாறியபின் 2011-இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறியது. 2021-இல் மறுபடி பழைய பெயர். பெயர் எதுவானாலும் சாரம் ஒன்றுதான். ஊருக்கு ஒரு பள்ளிக் கட்டடமோ சுற்றுச்சுவரோ சமுதாயக் கூடமோ வேண்டும் என்றால், மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். மீதி அரசு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். மக்கள் பங்கு பாதிக்கு மேல் போனால் பணம் கொடுத்தவர்களே வேலையை எடுத்துச் செய்யலாம்.

9 லட்சம் ரூபாய்க்குச் சுற்றுச்சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் 3 லட்சம் திரட்ட வேண்டும். சிங்கப்பூரிலும் துபாயிலும் பிள்ளைகள் இருக்கிற ஊரில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரத்தில் சேர்ந்துவிடும். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற ஊரில் ஆறு மாதம் ஆகும். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிற ஊரில் 1,80,000 என்றாலும் பேச்சே எழாது. அந்த ஊருக்குத்தான் சுவர் அதிகம் தேவை. விதி நேர்மையாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது: நீ ஒன்று போடு, நான் இரண்டு போடுகிறேன். ஆனால் ஒன்று போட முடிந்தவனிடம்தான் இரண்டும் போய்ச் சேரும். வேலை எடுக்கப்போகும் ஒப்பந்தக்காரரே மக்கள் பங்கையும் கட்டிவிட்டு அதை மதிப்பீட்டுக்குள் ஏற்றிக்கொள்வதாகவும் பழைய புகார் ஒன்று உண்டு. அப்போது மக்கள் பங்கு என்பது ரசீதில் மட்டும் இருக்கும்.

ஊர் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. காமராசர் முதல்வராக இருந்தபோது, 1950-களின் பிற்பாதியில், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். மேடை போட்டு, யார் பெஞ்சு தருகிறீர்கள், யார் கிணறு வெட்டித் தருகிறீர்கள் என்று கேட்டு வாங்கினார்கள். இப்போது கல்விச் சீர் என்று ஒன்று நடக்கிறது. கல்யாணச் சீர் மாதிரியேதான். மேளதாளத்தோடு ஊர் பெண்கள் தாம்பாளத் தட்டில் நோட்டு, பென்சில், மணி, டம்ளர் எடுத்துவர, பின்னால் டெம்போவில் பீரோ, மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலி. வாசலில் ஆசிரியர்கள் சந்தனம் கொடுத்து வரவேற்பார்கள். எங்கள் ஊரிலும் ஒருமுறை நடந்தது. வந்ததில் சுவர்க் கடிகாரம் மட்டும் நான்கு. ஆனாலும் அன்றைக்கு வந்த 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களும் நாற்காலிகளும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. இதற்குக் கொட்டேஷன் இல்லை, பயன்பாட்டுச் சான்று இல்லை, மார்ச் 31 இல்லை. ஜூன் மாதத்திலேயே வந்தது.

2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இந்தப் பழக்கத்தை இணையத்துக்குக் கொண்டுபோன முயற்சி. தொடங்கியபோது தொழிலதிபர் வேணு சீனிவாசன் தலைவர், சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் தூதர், அப்போதைய முதல்வர் மு.க. ஸ்டாலின் தன் பங்காக 5 லட்சம் போட்டுத் தொடங்கிவைத்தார். முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் தங்களுக்குப் பிடித்த பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். 2013 நிறுவனச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும் என்பதால் அந்தப் பணமும் இதற்குள் வருகிறது. நல்ல வழிதான். ஒரே ஒரு குறை, கொடுப்பவருக்கும் ஒரு மார்ச் மாதம் உண்டு, ஒரு 'முன்', 'பின்' படம் உண்டு. ஸ்மார்ட் போர்டு கொடுப்பவர் கிடைக்கிறார், பினாயில் கொடுப்பவர் கிடைப்பதில்லை. நூறு வருடப் பழைய மேல்நிலைப் பள்ளிக்கு டாக்டரும் வக்கீலும் முன்னாள் மாணவர்களாக இருப்பார்கள். 1990-களில் காலனியில் திறந்த ஓராசிரியர் பள்ளியின் முன்னாள் மாணவர் இன்றைக்குக் கட்டட வேலையில் இருப்பார்.

ஒருமுறை கொடுத்துவிட்டுக் கைகழுவுவதில் இருக்கும் ஆபத்துக்கு நம்மிடமே பெரிய உதாரணம் இருக்கிறது. 2006 முதல் 2011 வரை அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளுக்கும் படிப்படியாகத் தலா 20 லட்சம் என்று போனது. ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு நூலகம், ஒரு விளையாட்டுத் திடல். நல்ல கனவு. கட்டடம் எழுந்தது, புத்தகமும் வந்தது. திறந்துவைக்க ஆளுக்குச் சம்பளம் என்று வந்தபோது சொற்பத் தொகை. இன்றைக்குப் பல ஊர்களில் அந்தச் சின்னக் கட்டடம் பூட்டிக் கிடக்கும், திண்ணையில் ஆடு படுத்திருக்கும். சாவி வைத்திருக்கிற ஆள் ஆர்வமுள்ளவராக அமைந்த ஊரில் மட்டும் பிள்ளைகள் போய்ப் படிக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்று மகளிர் சுய உதவிக் குழு. 1989-இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கி, 1997-98-இல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தபோது ஒரு குழுவுக்குச் சுழல்நிதி 10,000 முதல் 15,000 வரை என்று வைத்தார்கள். தொகை எங்கள் பள்ளி மானியத்தைவிடச் சின்னது. ஆனால் அங்கே வேலை செய்கிறது, இங்கே சுவராகிறது. காரணம் எனக்குப் புரிந்தவரை இதுதான். குழுவினர் சேமிப்பைத் தாங்களே முதலில் போட்டுத் தொடங்குகிறார்கள், ஆனால் போடும் தொகை அவர்களால் முடிந்தது, நூறு இருநூறு. மாதக்கணக்கில் கூடி, சேமித்து, உள்கடன் கொடுத்து, திருப்பி வாங்கி, நோட்டில் எழுதிப் பழகியபின்தான் சுழல்நிதி வரும். வந்த பணம் செலவாகிவிடுவதில்லை, பெயருக்கேற்ற மாதிரிச் சுழல்கிறது. மார்ச் 31 அன்று யாரும் வந்து மிச்சத்தைப் பிடுங்குவதில்லை. ஒரு அக்காவுக்கு அவசரம் என்றால் ராத்திரியே கூடித் தீர்மானம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பள்ளிக்கும் இப்படி ஒன்று வைத்தால் என்ன என்று ஒருமுறை கூட்டத்தில் கேட்டேன். ஜூன் மாதம் ஐயாயிரம் ரூபாயை முன்பணமாக டீச்சர் கையில் கொடுத்து, ஆயிரம் ரூபாய் வரை பில் இல்லாத வேலைக்குக் குழுவில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று விட்டுவிடுவது. மார்ச்சில் மானியம் வரும்போது கழித்துக்கொள்ளலாம். வட்டார வள மையத்திலிருந்து வந்திருந்த ஆசிரியப் பயிற்றுநர் சிரித்தார். "ஆடிட்ல யாரு சார் பதில் சொல்றது?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆடிட்டில் மாட்டிக்கொண்டு ஓய்வூதியப் பலன் நின்றுபோன தலைமையாசிரியர் கதை ஒன்று ஒவ்வொரு வட்டாரத்திலும் உலவுகிறது. சுவருக்குப் பெயின்ட் அடித்ததற்காக மாட்டிக்கொண்ட கதை எதையும் நான் கேட்டதில்லை.

அப்புறம் நாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தோம். வழி என்று சொல்ல முடியாது, எல்லா ஊரிலும் ஏற்கெனவே இருப்பதுதான். பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஹார்டுவேர் கடைக்காரரின் பேரன் எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அவர் கல்லாவுக்குக் கீழே நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். அதில் ஒரு பக்கத்தின் தலைப்பு 'பள்ளிக்கூடம்'. ஜூலை மாதம் டேப் வாஷர் 4, டெஃப்ளான் டேப் 1. ஆகஸ்டில் தாழ்ப்பாள், ஸ்குரூ. செப்டம்பரில் எல்.இ.டி. பல்பு 2, பிளீச்சிங் பவுடர் 5 கிலோ. மானியம் வரும்போது மொத்தத்துக்கும் சேர்த்து அந்தத் தேதியில் ஒரே பில்லாகப் போட்டுத் தருகிறேன் என்றார். போன தடவை நான் பார்த்தபோது பக்கத்தின் அடியில் 3,460 என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். பக்கத்தில் சின்ன எழுத்தில், 'மார்ச்' என்றும் அதன்மேல் ஒரு கேள்விக்குறியும்.